இறைச்சி, மீன், மரக்கறி: யாழ்ப்பாணத்துக் குடும்பம் எதைத் தெரிவது?

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரின் இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரோல் கூடியிருந்தால், யாழ்ப்பாணத்து வீடுகளில் அன்றைக்கே தீர்ப்பு வந்துவிடும்: "இனி மச்சம் (மீன், இறைச்சி) தொடக்கூடாது." அதே வீட்டில் பேத்திக்கு இரத்தம் குறைவு என்று வைத்தியர் சொன்னால் தீர்ப்பு மாறிவிடும்: "பிள்ளைக்கு ஈரல் வாங்கிக் கொடுங்கள்." இரண்டையும் சொல்பவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் தாத்தாவின் சாப்பாட்டுக் கோப்பையில் மீன் இருந்த இடத்துக்கு எது வந்தது என்றோ, ஈரல் சாப்பிட்ட கையோடு பேத்தி குடித்த தேநீர் என்ன செய்தது என்றோ யாரும் கேட்பதில்லை. இறைச்சி உடலுக்கு நல்லதா என்ற கேள்வியை அந்த இடத்திலிருந்து தொடங்கினால்தான் உருப்படியான விடை கிடைக்கும்.

எங்கள் குடும்பங்களின் முன் உள்ள தெரிவுகள் நான்கு. முழுச் சைவம், மரக்கறியோடு மீன், மரக்கறியோடு எப்போதாவது ஆட்டிறைச்சி அல்லது கோழி, நாள்தோறும் ஏதோ ஒரு வடிவில் இறைச்சி. கடைசியாகச் சொன்னதை யாரும் உட்கார்ந்து யோசித்துத் தெரிவதில்லை. வேலைக்குப் போகும் அவசரத்தில் அது தானாகவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது. காலையில் பாணுக்குச் சொசேஜ், பிள்ளையின் பாடசாலை இடைவேளைக்கு இறைச்சி ரோல்ஸ், இரவில் கோழிக் கொத்து. எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். ஆகவே முதலில் இதைப் பேசி முடித்துவிடுகிறேன்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015 ஒக்டோபரில் வெளியிட்ட முடிவு இது. சொசேஜ், பேக்கன், ஹாம் போல உப்பிட்டும் புகையிட்டும் பதப்பொருள் சேர்த்தும் பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று இருக்கிறது. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் சிவப்பு இறைச்சி அநேகமாக உண்டாக்கக்கூடும். முதலாவது புகையிலையின் அதே பிரிவில் வைக்கப்பட்டதால் "சொசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்கிறதே தவிர, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவில்லை. ஆபத்தின் அளவு இதுதான்: நாள்தோறும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 18 சதவீதம் கூடுகிறது. மேற்கு நாடுகளில் வாழ்நாளில் நூறு பேரில் ஐந்தாறு பேருக்கு வரும் நோய் அது. அந்த எண்ணிக்கையில் இன்னும் ஒருவர் சேர்வார். தனியொருவருக்கு இது சிறிய கணக்காகத் தெரியலாம். ஆனால் ஆறு வயதில் தொடங்கும் பழக்கம் அறுபது வருடம் தொடரும். அந்தச் சொசேஜில் உள்ள உப்பும் கொழுப்பும் இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் தனியாகக் கணக்கு வைக்கும். பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டியில் அவித்த முட்டை ஒன்றை வைக்க எடுக்கும் நேரம் சொசேஜைப் பொரிக்கும் நேரத்தைவிட அதிகமில்லை. இந்தத் தெரிவுக்காகச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல சொல்லும் இல்லை.

ஆட்டிறைச்சியின் கதை வேறு. தீபாவளி நாளில் அயலில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கிப் பங்கு போடும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. குவியல் குவியலாக வைத்து, ஒவ்வொன்றிலும் தொடையில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம், ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பு, குடல் என்று கைபார்த்துப் பிரிப்பார்கள். யாருக்கும் நல்ல துண்டு மட்டும் போகாது. அந்தப் பங்கை ஒரு குடும்பம் முழுவதும் பகிர்ந்து உண்ணும். அடுத்த பங்கு வர வருடப்பிறப்போ வேறொரு கொண்டாட்டமோ வர வேண்டும். அந்த அளவில் உண்ட இறைச்சியால் எவருடைய உடலும் கெட்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சிவப்பு இறைச்சி உண்பவருக்குச் சொல்லும் மேல் எல்லை, சமைத்த நிறையில் கிழமைக்கு 350 முதல் 500 கிராம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு தடவை அளவாக உண்பவர் இந்த எல்லைக்குள் நின்றுவிடுவார். ஞாயிறு சமைத்ததைத் திங்களும் செவ்வாயும் சூடாக்கி, புதன் இரவு மட்டன் ரோல்ஸும் சாப்பிடுபவர் நிற்கமாட்டார்.

ஆட்டிறைச்சி உண்மையில் கொழுப்புக் குறைந்தது. கொழுப்பை நீக்கிச் சமைத்த 100 கிராமில் 27 கிராம் அளவு புரதம் இருக்கிறது, கொழுப்பு மூன்று கிராமைச் சுற்றித்தான். கறியைக் கனமாக்குவது நாங்கள் சேர்ப்பவை: கறிக்குச் சுவை வேண்டும் என்று கேட்டு வாங்கும் கொழுப்புத் துண்டு, தாளிக்கும் தேங்காயெண்ணெய், இறக்கும் முன் ஊற்றும் முதற்பால். தேங்காயெண்ணெயில் உள்ள கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. இந்தச் செய்தி சைவம் உண்பவருக்கும் பொருந்தும். உருளைக்கிழங்குப் பிரட்டலிலும் கத்தரிக்காய்ப் பால்கறியிலும் அதே எண்ணெயும் அதே முதற்பாலும்தான் இருக்கின்றன. மச்சத்தை விட்ட பிறகும் கொலஸ்ட்ரோல் இறங்கவில்லையே என்று நொந்துகொள்பவர்கள் அடுப்படிக்குள் போய்ப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கோழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோலை நீக்கினால் நல்ல, மலிவான புரதம். சிவப்பு இறைச்சியோடு சேர்த்து எச்சரிக்கப்படுவதும் இல்லை. பண்ணைக் கோழிக்கு ஹோர்மோன் ஊசி ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. அது ஆறு கிழமைக்குள் வளர்வதற்குக் காரணம் பல தலைமுறையாகத் தெரிவுசெய்து உருவாக்கிய இனமும் செறிவான தீனியும். ஊர்க்கோழியின் சுவைக்கு நிகரில்லை என்பதை மறுக்கமாட்டேன், ஆனால் அதை வாங்க வசதியில்லாத தாய் பிள்ளைக்குப் பண்ணைக் கோழி சமைத்துக் கொடுப்பதற்குக் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை.

இனி சைவம். நல்லூர் ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் கொலையையும் புலால் உண்பதையும் கடுமையாகக் கண்டித்தார். அவர் வழியில் வந்த சைவ ஒழுக்கம் இன்றைக்கும் வெள்ளிக்கிழமைகளிலும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும், கந்தசட்டியிலும் எங்கள் அடுப்புகளை ஆள்கிறது. உயிர்க்கொலை கூடாது என்பதற்காகச் சைவம் உண்பவரிடம் வைட்டமின் கணக்கைக் காட்டி வாதாடுவது முறையாகாது. அவருடைய காரணம் உடல்நலத்துக்கும் மேலானது. அவருக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இந்த வழியில் நலமாக வாழ முடியும், ஆனால் மூன்று இடங்களில் விழிப்பு வேண்டும்.

ஆய்வுகள் சைவத்துக்குப் பெரும்பாலும் சாதகமாகவே பேசுகின்றன. பிரிட்டனில் 48,000 பேரை ஏறக்குறைய 18 வருடம் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், மரக்கறி உண்பவர்களுக்கு இருதய இரத்தக்குழாய் அடைப்பு நோய் இறைச்சி உண்பவர்களைவிட 22 சதவீதம் குறைவாக இருந்தது. அதே ஆய்வில் பக்கவாதம் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது; வைட்டமின் பி12 போன்ற சத்துகளின் குறைவு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் 73,000 பேரைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், மரக்கறி உண்பவர்களிடையே இறப்பு 12 சதவீதம் குறைவாக இருந்தது. இவற்றை எடுத்துப் பேசும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த மரக்கறிக் கோப்பையில் தவிட்டோடு கூடிய தானியமும் பருப்பு வகைகளும் கொட்டைகளும் பழமும் நிறைந்திருக்கும். எங்கள் சைவக் கோப்பையில் பல வீடுகளில் இருப்பது வெள்ளைச் சோறு.

அதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். காலையில் ஐந்து இடியப்பம், சொதி, சம்பல். மதியம் குவித்த சோறு, தண்ணீராக வைத்த பருப்பு, உருளைக்கிழங்கு, ஒரு கரண்டி கீரை, அப்பளம். இரவு புட்டும் வாழைப்பழமும். இந்த நாள் முழுவதையும் கூட்டினாலும் புரதம் 35 கிராமைத் தாண்டுவது கடினம். 60 கிலோ நிறையுள்ளவருக்கு 48 கிராமாவது வேண்டும். முதியவர்களுக்குத் தசை கரையாமல் இருக்க இன்னும் கூடுதலாக வேண்டும். மாச்சத்து மட்டும் நிறைந்து வழிகிறது. நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கும் ஊரில், மீனை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இன்னொரு அகப்பைச் சோறு வைப்பதை உடல்நலத்துக்கான மாற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தாத்தாவுக்கு நடப்பது இதுதான்.

திருத்துவது கடினமும் இல்லை, செலவும் இல்லை. அவித்த கடலை, பயறு அல்லது கௌபி ஒரு கப்பில் 13 முதல் 15 கிராம் புரதம் இருக்கிறது. உலர்ந்த சோயா மீற்றின் எடையில் ஏறக்குறைய பாதி புரதம். ஒரு கப் தயிரில் எட்டுக் கிராம், முட்டை உண்பவர்களுக்கு ஒரு முட்டையில் ஆறு கிராம். பருப்பைச் சோற்றில் ஊற்றும் குழம்பாக நினைக்காமல், அள்ளி உண்ணும் கறியாகக் கெட்டியாக வையுங்கள்; பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தை ஆக்கும் கூறுகளில் ஒன்று) பருப்பு வகைகளில் நிறைய உண்டு. அரிசியையும் உழுந்தையும் சேர்த்துப் புளிக்க வைத்துத் தோசை சுட்ட எங்கள் முன்னோர், வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு உழுந்தங்களி கிண்டிக் கொடுத்த பாட்டிமார், இந்த அமிலத்தின் பெயரை அறியாமலே சரியானதைச் செய்திருக்கிறார்கள்.

இரும்புச்சத்தும் இப்படித்தான். இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் என்ற வகை இரும்பில் 15 முதல் 35 சதவீதம் வரை உடல் எடுத்துக்கொள்ளும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பில் உடல் எடுப்பது அதைவிட மிகக் குறைவு. கூட என்ன உண்கிறோம் என்பதைப் பொறுத்து அது பல மடங்கு ஏறி இறங்கும். வைட்டமின் சி அதை ஏற்றும், தேநீர் இறக்கும். முருங்கையிலை வறையை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடும் பழக்கம் இருக்கிறதே, அடுப்பில் இருக்கும்போது விட்டால் வைட்டமின் சி சூட்டில் அழியும். இறக்கியபின் விடுவதுதான் சரி. சாப்பிட்ட உடனே வெறுந்தேநீர் குடிக்கும் வழக்கத்தை ஒரு மணித்தியாலம் தள்ளிவைத்தால், இரத்தம் குறைந்த அந்தப் பேத்திக்குச் செலவில்லாத மருந்து. ஈரல் கொடுப்பதும் பலன் தரும். சைவ வீட்டுப் பிள்ளைக்கு ஈரல் கொடுக்க முடியாது என்று தாய் கலங்க வேண்டாம். கீரை, பயறு, தேசிக்காய், தேவைப்பட்டால் வைத்தியர் தரும் இரும்பு மாத்திரை போதும்.

சமையலால் தீர்க்க முடியாத குறை பி12. எந்தத் தாவரத்திலும் நம்பத்தகுந்த அளவில் அது இல்லை. நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். ஒரு கப் பாலில் அதில் பாதியளவு கிடைக்கும். வெறுந்தேநீரும் சம்பலும் சோறுமாக நாளை ஓட்டும் முதிய சைவர்களுக்கு அந்தப் பாலும் இல்லை. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில வருடங்கள் ஆகும். தெரியும்போது கால் விறைப்பு, பாத எரிவு, களைப்பு, ஞாபக மறதி என்று வரும். இங்கே எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. நீரிழிவுக்குப் பெரும்பாலோருக்குக் கொடுக்கும் மெற்போமின் மாத்திரை, வருடக்கணக்கில் எடுக்கும்போது பி12 உடலில் சேர்வதைக் குறைக்கிறது. சைவ உணவு, மெற்போமின், முதுமை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், பாத எரிவை "சீனி வருத்தத்தின் நரம்புக் கோளாறு" என்று எண்ணி அப்படியே விட்டுவிடுகிறோம். நரம்பு நெடுங்காலம் பாதிக்கப்பட்டால் முழுதாகத் திரும்பாது. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அடுத்த கிளினிக் நாளில் பி12 பரிசோதனையைக் கேளுங்கள். மாத்திரையோ ஊசியோ எளிதில் கிடைக்கும், எந்த விரதத்துக்கும் பங்கமில்லை.

மச்சம் உண்பதில் தடையில்லாத குடும்பத்துக்கு என் தெரிவு மரக்கறியோடு மீன். நான் முன்னே சொன்ன அமெரிக்க ஆய்வில் மரக்கறியோடு மீன் மட்டும் உண்டவர்களிடையே இறப்பு 19 சதவீதம் குறைவாக இருந்தது. எல்லாப் பிரிவுகளிலும் நல்ல பெறுபேறு அதுதான். பிரிட்டன் ஆய்விலும் மீன் உண்பவர்களுக்கு இருதய நோய் 13 சதவீதம் குறைவு, பக்கவாதம் கூடவில்லை. பி12, புரதம், ஒமேகா 3 கொழுப்பு, அயடீன் எல்லாம் ஒரே கறியில் வந்துவிடுகின்றன. மூன்று பக்கமும் கடல் உள்ள குடாநாட்டில் இருந்துகொண்டு இதை இறக்குமதி செய்த டின் மீனில் தேட வேண்டிய தேவையும் இல்லை.

ஆனால் எந்த மீன் என்பது முக்கியம். குருநகரிலோ பாசையூரிலோ காலையில் சந்தைக்குப் போனால், விளைமீனுக்கும் பாரைக்கும் முன்னே கூட்டம் நிற்கும். ஓரமாகச் சூடை குவிந்து கிடக்கும், கழுவும்போது செதில் விரலெல்லாம் ஒட்டும் என்று பலர் பார்க்காமலே போவார்கள். சூடை, சாளை, கும்பளா போன்ற எண்ணெய் நிறைந்த சிறு மீன்களில்தான் ஒமேகா 3 அதிகம், பாதரசம் மிகக் குறைவு, விலையும் குறைவு. நெத்தலியையும் சூடையையும் முள்ளோடு மென்று உண்டால் கல்சியமும் சேர்கிறது. புளி விட்டு மண்சட்டியில் வற்ற வைத்த சூடை மீனுக்கு இணையான மருந்தை எந்தப் பாமசியிலும் வாங்க முடியாது என்று நான் மனப்பூர்வமாகச் சொல்வேன். கிழமைக்கு இரண்டு மூன்று தடவை போதும். முழுக எண்ணெய் விட்டுக் கருகப் பொரித்தால் பலனில் பெரும்பகுதி போய்விடும். கருவாட்டில் சத்து உண்டு, உப்பும் அளவுக்கு மிஞ்சி உண்டு. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்த அழுத்தம் உள்ளவர் கருவாட்டை ஆசைக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மீனும் மரக்கறியும் எந்த விகிதத்தில் சேர வேண்டும் என்று கேட்பவருக்கு ஒடியல் கூழைக் காட்டுவேன். ஒரு பெரிய பானைக் கூழில் நண்டு, இறால், மீன் எல்லாம் சேர்ந்தும் ஒருவருடைய பங்குக்கு ஒரு கைப்பிடிதான் வரும். மீதியெல்லாம் பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, நார்ச்சத்து நிறைந்த ஒடியல் மா. கோப்பையில் பாதிக்கு மரக்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ என்று இன்றைக்குப் போஷாக்கு நிபுணர்கள் வரைந்து காட்டும் படமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் சைவம், மற்ற நாட்களில் இரண்டு மூன்று நாள் மீன், மாதத்தில் ஓரிரு தடவை ஆட்டிறைச்சி என்று நடக்கும் வீடு, தெரிந்தோ தெரியாமலோ மிக நல்ல ஒழுங்கில் இருக்கிறது. அந்த வீட்டில் மாற்ற வேண்டியது சோற்றின் அளவும் அரிசியின் நிறமும் மட்டுமே.

சிலருக்கு இந்தக் கணக்கு மாறும். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் நான் சொன்ன புரத அளவைப் பின்பற்றக் கூடாது; தமக்கு எத்தனை கிராம் என்று வைத்தியரிடம் கேட்டே உண்ண வேண்டும், பருப்புக்கும் அது பொருந்தும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்களுக்கு ஈரல், ஆட்டிறைச்சி ஆகியவற்றோடு நான் புகழ்ந்த சூடையும் நெத்தலியும்கூட ஒத்துவராது.

கருவுற்ற பெண்களும் பிள்ளை பெற்றவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறா வறை கொடுப்பது எங்கள் பத்திய முறையில் ஊறிப்போனது. மற்ற மீன்களை உண்டு நெடுங்காலம் வாழும் சுறாவின் உடலில் பாதரசம் சேர்கிறது, அது வளரும் குழந்தையின் மூளையைப் பாதிக்கும். கருவுற்றிருக்கும்போது சுறாவை முற்றாகத் தவிர்க்கும்படியும், பாலூட்டும் காலத்தில் கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்றும் பிரிட்டன் சுகாதார சேவை சொல்கிறது. சின்னஞ்சிறு பால்சுறாவில் பெரிய சுறாவைவிடப் பாதரசம் குறைவு என்றாலும், அதற்கும் இந்த எல்லையையே வைத்துக்கொள்வது நல்லது. பத்தியத்துக்கு ஓரா, திரளி, சூடை இருக்கின்றன. சரக்கு அரைத்து வைக்கும் அதே கறியில் சுறாவுக்குப் பதில் இவற்றைப் போட்டால், அம்மாவின் கைப்பக்குவமும் மாறாது, பிள்ளைக்கும் பயமில்லை.